முப்பத்தொன்றாவது இழை

முதல் பருவத்தில் கொடுத்த வேலை ஒரே வரிதான்:
தெரிந்த ஓரிடத்தின் நிறத்தை நெய்து வா.
எனக்குத் தெரிந்தது ஐமத் துறைமுகம்,
அதுவும் நவம்பரில், மாலை நான்கு மணிக்கு,
மீன்பெட்டி கழுவிய நீர்
படிக்கட்டு வழியே கடலுக்கே திரும்பும் நேரம்.

கேலஷீல்ஸில், கல்லூரி நூல்கிடங்கில்
பதினான்கு நீலங்களைப் பொறுக்கினேன்.
அட்டையில் வரிசையாகச் சுற்றி
ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலில் ஒரு பெயர்:
ஈயம். சிப்பியின் உள்பக்கம். அணைத்த தொலைக்காட்சி.
தம்பி டூகலின் பழைய ஜீன்ஸ், முழங்கால் பகுதி.
அட்டையில் அது கடல்தான். சத்தியமாக.

பாவு ஓட்ட இரண்டு நாள்.
எண்ணூற்று நாற்பது இழைகளை
விழுதுக் கண்களில் கோத்து முடிப்பதற்குள்
கழுத்து எனக்குச் சொந்தமில்லாத உறுப்பாகிவிட்டது.
ஒரு சாண் நெய்ததும் எழுந்து நின்று பார்த்தேன்:
பள்ளிச் சீருடை.
நான்காம் வகுப்பு, மடிப்புப் பாவாடை,
வியாழக்கிழமை.

கண்டில் தனியாக இருக்கும்வரை
ஒவ்வொரு நிறமும் நான் நான்தான் என்கிறது.
பாவுக்குக் குறுக்கே ஊடை வந்ததும்
இரண்டும் ஊடுகின்றன.
யார் எதை விட்டுக்கொடுத்தார் என்று தெரியாது,
யாரும் அழைக்காத மூன்றாவது ஒன்று
கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நீலத்துக்கு எதிரி ஆரஞ்சு என்ற
நிறச்சக்கரத்தை நம்பி
அடுத்த துண்டில் சரிக்குச் சரி வைத்தேன்.
மூக்கருகே தீப்பொறி.
நான்கடி தள்ளி நின்றால் சேறு.
பக்கத்துத் தறி யாட்விகா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்,
கழற்றியும் பார்த்தாள்.
"கழற்றினாலும் சேறுதான்."
ஒரு முறைகூடத் துவைக்காமலே
என் சாயம் வெளுத்தது.

சனிக்கிழமை பேருந்தில் வீட்டுக்கு.
கடலிலிருந்து ஏறி வரும் பனிக்கு இங்கே ஹார் என்று பெயர்.
அது கரையையும் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது.
டூகல் படகில் உட்கார்ந்து
நண்டுக்கூண்டுக் கயிற்றுக்கு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தான்.
கடல் என்ன நிறம், சொல்லு.
அவன் நிமிரவில்லை.
"கடலை யார் பார்க்கிறார்கள்? மிதவையைத்தான் பார்ப்போம்.
மிதவை போனால் கூண்டு போச்சு,
கூண்டு போனால் இந்த மாதத் தவணை போச்சு."
பனிக்குள் எங்கோ ஓர் ஆரஞ்சுப் புள்ளி ஆடியது.
அதைச் சுற்றி மட்டும்
கொஞ்சம் கடல் இருந்தது.

திங்கள் இரவெல்லாம் கட்டத்தாளில் மிதிக்கணக்கு.
முப்பது ஓட்டம் நீலம், முப்பத்தொன்றாவது ஆரஞ்சு.
பிறகு முப்பத்தேழு, பிறகு இருபத்தொன்பது;
மிதவைகள் அளவுகோல் வைத்து மிதப்பதில்லை.
ஆரஞ்சை அடியிலேயே ஓடவிட்டேன்.
அங்கங்கே ஒரே ஓர் இழையைத் தாண்டி
மேலே மூச்சு வாங்கிவிட்டு
மறுபடி உள்ளே போகும்.
அடியில் கயிறு. மேலே புள்ளி.

தறியிலிருந்து அறுத்து, வெந்நீரில் அலசி,
நீராவிக் குழாய்மேல் உலர்த்தினேன்.
நீலம் ஊதிப் பருத்து
ஆரஞ்சைப் பாதி மூடியிருந்தது.
கதவுவரை பின்வாங்கி நடந்தேன்.
நான்கு மணி.
யாட்விகா ஒன்றும் சொல்லவில்லை,
ஆனால் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை.

மதிப்பிட வந்தவர் துணியை இரண்டு முறை புரட்டினார்.
"இதில் எது முகப்பு?"
நீங்கள் நிற்பது படகிலா, தண்ணீருக்குள்ளா என்று
கேட்க நினைத்து,
மேல்பக்கம் என்றேன்.
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
ஓரம் நேராக இல்லையாம். உண்மைதான்.

கிறிஸ்துமஸுக்கு மீதத் துண்டொன்றை
டூகலுக்குக் கொண்டுபோனேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
நல்ல கம்பளி என்றான்,
அப்புறம் இயல்பாக
என்ஜின் எண்ணெய் அளக்கும் கம்பியை
அதில் துடைத்தான்.

கறுப்பும் அல்ல, பச்சையும் அல்ல.
விளிம்பில் மெல்லிய பொன்.
அட்டையில் பதினைந்தாவது இடம் ஒழித்துவைத்திருக்கிறேன்.
கிடங்கில் மூன்று முறை தேடிவிட்டேன்,
அந்த நிறத்தில் நூல் இல்லை.